சாயம் போகுமா என்று கேட்டால், போகும் என்று சொல்லுங்கள்

நாங்கள் ஏழெட்டு உழவர்கள் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை தியாகராய நகரில் கடை போடுகிறோம். பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு நண்பர் வீட்டில் கார் நிறுத்தும் இடம்தான் எங்கள் சந்தை. அரிசி, செக்கு எண்ணெய், பயறு, நாட்டுச் சர்க்கரை. எனக்குத் திண்டிவனம் பக்கம் ஊர். நெல்லோடு கொஞ்சம் அவுரியும் போடுகிறேன். கரிசல் பக்கத்து நண்பர்கள் இயற்கை முறையில் கருங்கண்ணிப் பருத்தி விளைவிக்கிறார்கள். அந்தப் பஞ்சை நூற்று, கைத்தறியில் துண்டு நெய்து, செடிச் சாயம் போட்டு விற்றால் என்ன என்று தோன்றியது. செய்தோம். அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, மஞ்சள் கிழங்கு மஞ்சள், கடுக்காய்ப் பழுப்பு என்று நான்கு நிறம். முதல் மாதமே எல்லாம் விற்றுப்போனது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் கடை விரித்ததும், வழக்கமாக எங்களிடம் அரிசி வாங்கும் ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு பை. உள்ளே அவர் பேரனின் பள்ளிக்கூடச் சட்டைகள் மூன்று. வெள்ளைச் சட்டைகள், இப்போது மழைமேக நிறத்தில் இருந்தன.

"தம்பி, உன் துண்டை இதோட மெஷின்ல போட்டேன். ராத்திரி கரண்ட் போயிடுச்சு, காலைலதான் எடுத்தேன். பாரு எப்படி இருக்குன்னு. இயற்கைச் சாயம், ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னே? நீங்களும் கடைத்தெருக்காரங்க மாதிரிதானா?"

சட்டைக்குக் காசு தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். "காசு கிடக்கட்டும், இது ஏன் ஆச்சுன்னு சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வாங்கிய மஞ்சள் துண்டு சோப்புப் போட்டதும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டதாம். இன்னொருவருடைய பழுப்புத் துண்டு போர் தண்ணீரில் அலசி அலசிக் கறுத்துவிட்டதாம். இயற்கை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். அது போதாது என்று அன்றுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு சாயக்காரரிடமும் நெசவாளரிடமும் உட்கார்ந்து கேட்டதையும், நானே வாளியில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். துணி விற்கிறவர்களுக்கு மட்டுமல்ல, தீபாவளிக்கு உஸ்மான் ரோட்டிலோ ரங்கநாதன் தெருவிலோ துணி எடுக்கிற எல்லோருக்கும் இது உதவும்.

சாயம் ஏன் போகிறது?

சாயத்தைத் தண்ணீரில் கரைத்து நூலுக்குள் ஏற்றுகிறோம். ஏறிய சாயம் உள்ளேயே நிற்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று அதைக் கட்டிப்போட வேண்டும். கட்டாமல் விட்டது எந்த வழியில் உள்ளே போனதோ அதே வழியில், தண்ணீரில் கரைந்து, வெளியே வரும். வந்தது சும்மா இருக்காது. பக்கத்தில் கிடக்கும் பருத்தியில் போய் ஏறும். வெள்ளைத் துணிதான் பாவம், அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

கடைத்தெருப் பருத்தித் துணியில் பெரும்பாலும் இரண்டு வகைச் சாயம் இருக்கும். ஒன்று டைரக்ட் சாயம். மலிவானது. நூலோடு லேசாக ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர இறுகப் பிடிக்காது. எத்தனை முறை துவைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று ரியாக்டிவ் சாயம். இது நூலோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். சேர்ந்தது போகாது. ஆனால் தொட்டியில் போட்ட சாயத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். அந்த வீணான பங்கு துணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கக் கொதிக்கப் பல முறை அலசினால்தான் அது வெளியேறும். அலசத் தண்ணீர் வேண்டும், விறகு வேண்டும், நேரம் வேண்டும். அதை மிச்சம் பிடித்தால், பட்டறையில் நடந்திருக்க வேண்டிய அலசல் உங்கள் வீட்டு வாளியில் நடக்கும்.

செடிச் சாயத்தின் கதை வேறு. ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம்.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரத் தண்ணீரில் புளிக்கவைத்து அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். அப்போது தொட்டி பச்சை மஞ்சளாக இருக்கும். நூலை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாகி, மறுபடி கரையாத நிலைக்குப் போய், நூலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். உள்ளே சிக்கியது வராது. மேலே பொடியாகப் படிந்தது உதிரும், தேய்த்தால் கையில் ஒட்டும். அந்த அம்மா வீட்டுச் சட்டையில் ஏறியது இந்தப் பொடிதான். எங்கள் சாயக்காரர் ஒரே அலசலோடு துண்டைக் காயப்போட்டிருந்தார், அவசரப்படுத்தியது நாங்கள்.

மஞ்சிட்டி, நுணா வேர், அந்தக் காலத்துச் சாயவேர் போன்ற சிவப்புகளுக்குக் கட்டுக்கயிறு படிகாரம். பருத்தி நூல் படிகாரத்தை எளிதில் பிடிக்காது. அதனால் முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு படிகாரம் ஏற்றி, அதன் பிறகே வேரோடு கொதிக்கவைப்பார்கள். வரிசை மாறாமல் பொறுமையாகச் செய்தால் இது எளிதில் போகாத சாயம்.

மஞ்சள் கிழங்கு இதற்கு நேரெதிர். எதைப் போட்டாலும் பருத்தியில் நிலையாக நிற்காது. வெயிலில் வெளுக்கும், துவைத்தால் போகும். காரம் பட்டால் சிவக்கும். இது நமக்குப் புதிதா என்ன? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டுத்தானே ஆரத்தி கரைக்கிறோம்? சோப்பிலும் காரம் இருக்கிறது. அந்தத் துண்டு சிவந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது. துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. சாயக்காரர்கள் கறுப்பு வேண்டுமென்றால் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து அந்தத் தண்ணீரைத்தான் சேர்ப்பார்கள். போர் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் அதே வேலை வீட்டிலேயே நடந்துவிடும். பழுப்புத் துண்டு கறுத்ததும் அப்படித்தான்.

ஆக, மூன்று புகாருக்கும் மூன்று காரணம். மூன்றிலும் வாங்கியவர் தப்பு என்று ஒன்றுமே இல்லை. நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

இதற்கு நம்ம மெட்ராஸ் பெயரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வியாபாரி, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணி வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைத் தொடங்கியவர்தான் இந்த நாயர். செடிச் சாயம், குளிர்ந்த தண்ணீரில் பதமாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லித்தான் நாயர் கொடுத்தாராம். அந்த எச்சரிக்கை நியூயார்க்கில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை வழியாகச் சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்டார்கள், கட்டமெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. வழக்கு வரை பேச்சுப் போனதாம். கடைசியில் விளம்பரக்காரர்கள், சாயம் போவது உறுதி என்பதையே விளம்பரமாக்கி, துவைக்கத் துவைக்கப் புது நிறம் தரும் துணி என்று விற்றுவிட்டார்கள். அப்புறம் அந்தத் துணிக்கு ஏகப்பட்ட கிராக்கி.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, செடிச் சாயம் என்றாலே போகும் என்று முடிவு கட்ட வேண்டாம். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத் துணிகளை ஐரோப்பியர்கள் வியந்து வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், துவைத்தாலும் அவற்றின் நிறம் நின்றதுதான். சாயவேரும் படிகாரமும் அவுரியும் கொண்டு செய்தவைதான் அவை. அதே கரை, அதே செடிகள். நிற்பதும் போவதும் கைப்பக்குவத்தில் இருக்கிறது. பக்குவம் குறைந்தால் அதை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

எங்கள் சந்தை இருக்கும் தெருமுனையில் ஒரு பெரியவர் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். நாற்பது வருடமாக அதே இடம். அவரிடம் போய், "ஐயா, புதுத் துணி சாயம் போகுமான்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன். சிரித்தார். ஒரு வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, என் சட்டையின் உள்மடிப்பில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சற்றுநேரம் அழுத்தி எடுத்தார். வெள்ளைத் துண்டில் லேசாக ஊதா. "இவ்ளோதான் சார். கலர் ஒட்டிச்சுன்னா தனியா தொவைங்க. ஒட்டலைன்னா கும்பலோட போடுங்க."

இதைவிட எளிய சோதனை கிடையாது. இஸ்திரிப் பெட்டி இல்லையென்றால் ஈர வெள்ளைத் துணியை இரண்டு நிமிடம் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலும் போதும். கரை வேறு, உடல் வேறு நிறமாக இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சாயத் துணியோடு வெள்ளைத் துணியை இணைத்துத் துவைத்து, வெள்ளையில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்புப் போடுவார்கள். 5 என்றால் ஒன்றும் ஏறவில்லை, 1 என்றால் மோசம். மொத்தமாகத் துணி வாங்கும் குழுக்கள் இந்த மதிப்பைச் சாயப் பட்டறையில் கேட்டு வாங்கலாம்.

துவைக்கும்போது

சாயம் வெளியே வர நான்கு விஷயம் துணை போகிறது: சூடு, காரம், நேரம், நெருக்கம். நான்கையும் குறைத்தால் போதும்.

சூடு: நிறத் துணிக்குப் பச்சைத் தண்ணீரே போதும். மெஷினில் பல நேரம் நாம் தொடாமலே 40 டிகிரி வைத்திருக்கும். அதைப் பார்த்துக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள்.

காரம்: சோப்புத்தூளில் காரம் அதிகம். செடிச் சாயத் துணிக்குப் பூந்திக்கொட்டைதான் சிறந்தது. நான்கைந்து கொட்டையை விதை நீக்கி இரவே ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் ஒரு வாளித் துணிக்குக் காணும். அதன் தண்ணீர் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது, அதனால் சாயத்தைக் கிளப்பாது. அழுக்கு அதிகமான வேலைத் துணிக்கு இது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம்: நிறத் துணியை ஊறவைக்கவே கூடாது. நனைத்தோம், கசக்கினோம், அலசினோம் என்று பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். இதைவிட முக்கியம், துவைத்த துணியை ஈரத்தோடு குவியலாகப் போட்டு வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் வெளியேறும் சாயம் தண்ணீரோடு போய்விடும். ஈரக் குவியலில் அதற்குப் போக்கிடம் பக்கத்துத் துணிதான். பேரன் சட்டை கெட்டது துவைத்தபோது அல்ல, கரண்ட் போன அந்த ராத்திரியில்தான் என்பது என் முடிவு.

நெருக்கம்: மெஷினை வாய் வரை அடைக்காதீர்கள். தண்ணீர் தாராளமாக இருந்தால் வெளியேறிய சாயம் நீர்த்துப்போகும்.

இவற்றோடு, புதுத் துணியை முதல் மூன்று முறை தனியாகத்தான் துவைக்க வேண்டும். மூன்றாவது அலசல் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைக் காகிதத்தின் முன் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மற்றத் துணியோடு சேர்க்கலாம். அப்போதும் அடர் நிறம் தனி, வெளிர் நிறம் தனி, வெள்ளை தனி. வெள்ளையை எதோடும் சேர்க்க வேண்டாம். வெள்ளை உடையே உடுத்தி 'வெள்ளுடை வேந்தர்' என்று பெயர் வாங்கிய பிட்டி தியாகராயர் பெயரில் உள்ள ஊரில் கடை போட்டு, வெள்ளைச் சட்டையைக் கெடுத்தவன் சொல்கிறேன்.

ஒரே சேலையில் வெளிர் உடலும் அடர் கரையும் இருந்தால் பிரித்துத் துவைக்க வழியில்லை. சுங்குடி கட்டுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். அப்போது வேகம்தான் ஒரே வழி. சட்டென்று அலசி, முறுக்கிப் பிழியாமல், மடிக்காமல், காற்றோட்டமான நிழலில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். அடர் கரை கீழே தொங்கட்டும். சாயம் சொட்டினாலும் தரையில்தான் சொட்டும், உடலில் இறங்காது.

உப்புப் போடலாமா?

"ஒரு பிடி உப்புப் போட்டு ஊறவையுங்க, சாயம் நிக்கும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னார். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. தண்ணீரில் உப்பு இருந்தால் சாயம் நூலோடு அதிகம் ஒட்டும். சாயப் பட்டறையில் உப்புப் போடுவது அதற்காகத்தான். அதனால் உப்புத் தண்ணீரில் ஊறும்போது சாயம் குறைவாகப் போவது போலத் தெரியும். அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டால் மறுபடி போகும். உப்பு கட்டிப்போடுவதில்லை, தள்ளிப்போடுகிறது. அதே வாளியில் வெள்ளைத் துணியும் இருந்தால், கரைந்த சாயத்தை அதன் மேலும் ஒட்டவைக்கும். வினிகரும் பருத்திக்குப் பயன்படாது. படிகாரம் சாயம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, துணி வாங்கிய பிறகு போடுவதால் பெரிய பலன் இல்லை.

உழவர்களாகிய நமக்கு உப்பின் கணக்கு நன்றாகவே தெரியும். நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு என்று கட்டியது, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. ஆறு நிறம் மாறி ஓடியதைத்தான் ஊர் பார்த்தது. கீழ்ப்பகுதி நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிமீறிய சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு துணியில் சாயம் நிற்பதற்குப் பின்னால் இவ்வளவு தண்ணீரும் உப்பும் இருக்கிறது. அதை உத்தேசித்தாவது வாளியில் தேவையில்லாமல் உப்பைக் கொட்ட வேண்டாம்.

துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவதும் அப்படியே. பூந்திக்கொட்டையில் அலசிய செடிச் சாயத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். நான் விடுகிறேன். சோப்புத்தூள் தண்ணீரில் சோடியம் இருக்கிறது. தொடர்ந்து விட்டால் களிமண் இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காது.

ஏறிவிட்டால் என்ன செய்வது?

பதற வேண்டாம். காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். இந்த இரண்டையும் செய்யாதவரை மீட்க வழி உண்டு. கெட்ட வெள்ளைத் துணியை உடனே பிரித்தெடுத்து, பருத்தியாக இருந்தால் நல்ல சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். நிறத் துணிக்கு எதைச் செய்யாதே என்றேனோ அதை வெள்ளைக்குச் செய்ய வேண்டும். சூடும் காரமும் நேரமும் இப்போது நமக்கு உதவி. அப்படியும் மிச்சம் இருந்தால், சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் வெளுப்புத்தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துச் சில மணிநேரம் ஊறவைக்கலாம். வெள்ளைப் பருத்திக்கு மட்டும், பட்டுக்கும் கம்பளிக்கும் கூடாது. மஞ்சள் கறையாக இருந்தால் செலவே இல்லை: சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் போடுங்கள், வெயிலே தின்றுவிடும். அவுரிப் பொடி ஏறியது மட்டும் பிடிவாதம். சோப்புப் போட்டுக் கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மூன்று சட்டையில் இரண்டை அப்படி மீட்டேன். மூன்றாவது காய்ந்து இஸ்திரியும் ஆகிவிட்டிருந்தது, முடியவில்லை.

இப்போது நாங்கள் செய்வது

மஞ்சள் கிழங்குச் சாயத்தை நிறுத்திவிட்டோம். நீலத் துண்டுகளை, அலசல் தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டுத்தான் விற்பனைக்குக் கொண்டுவருகிறோம். கூலியும் தண்ணீரும் சேர்த்துத் துண்டுக்கு 20 ரூபாய் கூடியது. ஒவ்வொரு துண்டோடும் ஒரு சீட்டு வைக்கிறோம்: என்ன செடி, எப்படித் துவைப்பது, முதல் மூன்று முறை தனியாக, இரும்புத் தண்ணீரில் பழுப்பு கறுக்கும். சீட்டைப் பார்த்துச் சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும். வாங்கியவர் யாரும் இதுவரை பையோடு திரும்பி வரவில்லை.

அந்த அம்மா இப்போதும் வருகிறார். இரண்டு சட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை, அரிசி எடை போடச் சொன்னார். போன மாதம் ஒரு நீலத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது சாயம் போகுமா தம்பி?"

"போகும்மா. நாங்க அலசித்தான் கொண்டுவந்திருக்கோம். இருந்தாலும் மூணு துவையலுக்குக் கொஞ்சம் போகும். தனியா போடுங்க, ஈரத்தோட விட்டுடாதீங்க."

வாங்கிக்கொண்டு போனார்.